இரண்டு ஆசனமும் ஒரு குடும்பமும்

லண்டன் மாநகரத்தின் தெற்கு எல்லையில், குராய்டன் என்னும் பகுதியில் குடியிருக்கும் இளைஞர் ஒருவர் நமக்கு நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். முதல் பக்கத்தில் க்ஷேம சமாசாரங்கள். மற்ற மூன்று பக்கங்களும் மோட்டார் காரைப் பற்றியவை. தினந்தோறும் அவர் காரியாலயத்துக்குப் போக 18 மைல், திரும்பி வர 18 மைல். ரயிலில் போவதென்றால் சுற்று வழி. ஆகவே கார் வாங்கியே தீரவேண்டும். மூன்று வருஷமாகச் சிக்கனமாய்ச் சேர்த்த 5,000 பவுன் கையில் இருக்கிறது. அந்தத் தொகைக்கு நாலு கதவும் நல்ல குணமும் உள்ள பழைய கார் எத்தனையோ கிடைக்கும். ஆனால் அவருக்கு அதில் மனம் செல்லவில்லை. கூரையைத் திறந்துவிட்டுக் காற்று முகத்தில் அடிக்க ஓட்டக்கூடிய இரண்டு ஆசன ஸ்போர்ட்ஸ் காரில்தான் மனம் கிடக்கிறது. வீட்டுக்கு இது ஒன்றுதான் கார். “பழைய ஸ்போர்ட்ஸ் காரை நம்பித் தினசரி உத்தியோகத்துக்குப் போகலாமா? போகலாமென்றால் எதை வாங்குவது?” என்று கேட்கிறார். கடிதத்தின் அடியில் வேறு கையெழுத்தில், “மழை பெய்தால் என்ன செய்வது என்பதையும் தயவுசெய்து தெரிவிக்கவும்” என்று ஒரு வரி இருக்கிறது. அது யாருடைய கையெழுத்து என்று நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இம்மாதிரி ஆசையைப் பைத்தியம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அப்படி ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. ஒரு மனிதன் வருஷத்தில் இருநூறு நாளுக்கு மேல் காலையிலும் மாலையிலும் ஒரு காரியத்தைச் செய்தாக வேண்டியிருக்கிறது. அந்தக் காரியத்தில் சிறிது சந்தோஷமும் வேண்டும் என்று அவன் விரும்பினால் அதைத் தவறென்று சொல்வதற்கில்லை. சந்தோஷத்தின் விலை என்ன, அதை யார் கொடுக்கப்போகிறார்கள் என்று மட்டும் விசாரித்துவிட வேண்டும்.

இந்த ஜாதிக் கார் பிறந்த நாடே இங்கிலாந்துதான். இரண்டாவது மகா யுத்தம் முடிந்த 1945-ஆம் வருஷத்தில் எம்.ஜி. கம்பெனியார் ‘டி.சி.’ என்ற சின்னஞ்சிறு இரண்டு ஆசனக் காரைச் செய்ய ஆரம்பித்தார்கள். 1949 வரையில் சுமார் 10,000 கார்கள் வெளிவந்தன. யுத்தத்துக்காக இங்கிலாந்துக்கு வந்திருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் இந்த வகைக் காரில் மோகம் கொண்டு, அதைத் தங்கள் நாட்டிலும் பிரபலப்படுத்தினார்கள். அவர்களுடைய நாட்டில் இருந்த கார்களோ படகு போல் நீளமானவை, பலம் மிகுந்தவை. இந்தப் பொடியனிடம் அவர்கள் எதைக் கண்டார்கள்? திருப்பினால் உடனே திரும்பியது. சாலையில் உள்ள ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் கைக்குச் சொல்லியது. அதுதான் அவர்கள் கண்டது. பிறகு டிரையம்ப், லோட்டஸ், ஆஸ்டின்-ஹீலி என்று எத்தனையோ கார்கள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை பார்வைக்கு லக்ஷணமானவை. சுபாவந்தான் சொல்லும்படி இல்லை. இரவில் நிறுத்திவைத்த இடத்தில் காலையில் எண்ணெயால் கோலம் போட்டு வைப்பதும், மழை நாளில் மின்சாரம் மக்கர் செய்வதும் சகஜமாயிருந்தன. 1980-ஆம் வருஷத்தில் எம்.ஜி.பி.யும் நின்றது, டிரையம்ப் ஸ்பிட்பையரும் நின்றது. அதோடு மலிவான இரண்டு ஆசனக் காரின் காலம் முடிந்துவிட்டதென்றே பலரும் எண்ணினார்கள்.

முடிந்துபோகாமல் காப்பாற்றியவர்கள் ஜப்பானியர். அதற்கு வித்திட்டவர் பாப் ஹால் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர். நம் தொழிலைச் சேர்ந்த ஒருவரால் உலகத்துக்கு ஓர் உபகாரம் நடந்தது என்று சொல்லிக்கொள்ளும் சந்தர்ப்பம் அடிக்கடி கிடைப்பதில்லை. ஆகையால் இதைச் சற்று அழுத்தியே சொல்லுகிறோம். 1979-இல் அவர் ஹிரோஷிமாவிலுள்ள மாஸ்டா கம்பெனியின் கெனிச்சி யாமமோட்டோவைச் சந்தித்தபோது, பழைய ஆங்கிலக் கார்களின் மாதிரியில் எளிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று செய்யலாமே என்று யோசனை சொன்னார். யோசனை பத்து வருஷம் ஊறியது. 1989 பிப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் எம்.எக்ஸ்-5 என்னும் கார் வெளிவந்தது. 2016 ஏப்ரலில் பத்து லக்ஷமாவது கார் தொழிற்சாலையிலிருந்து புறப்பட்டது. இரண்டு ஆசனத் திறந்த கார்களில் இவ்வளவு விற்பனையானது வேறொன்றும் இல்லை.

நம்முடைய இளம் நண்பருக்கு நாம் சிபாரிசு செய்வதும் இந்தக் காரைத்தான். காரணத்தைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில், இதைவிடப் பலமும் பவிஷும் உள்ள கார்களின் ஜாபிதா ஒன்றையும் அவர் கடிதத்தில் சேர்த்திருக்கிறார்.

முதலில் வந்த எம்.எக்ஸ்-5 காரின் என்ஜின் 1.6 லிட்டர், சக்தி சுமார் 115 குதிரை. இது ஒன்றும் பிரமாதமில்லை. கடைவீதிக்குப் போய்க் காய்கறி வாங்கி வருகிற கார்களுக்கே இந்நாளில் இவ்வளவு சக்தி இருக்கிறது. ஆனால் அதன் எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. என்ஜின் முன்னால், தள்ளுகிற சக்கரம் பின்னால், பாரம் முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி. குதிரையும் அதன் மேல் இருப்பவனும் ஓருடம்பு என்று பொருள்படும் ஜப்பானிய வாக்கியம் ஒன்றை அதைச் செய்தவர்கள் தங்கள் லக்ஷியமாக வைத்துக்கொண்டார்களாம். விளம்பரப் பேச்சு என்று தள்ளிவிடலாந்தான். ஆனால் ஓட்டிப் பார்த்தவர்கள் தள்ளுவதில்லை. மணிக்கு முப்பது மைல் வேகத்தில் ஒரு வளைவைத் திரும்பும்போதே இந்தக் கார் ஓட்டுகிறவனுடன் பேச ஆரம்பித்துவிடுகிறது.

காரியாலயம் போகிறவனுக்கு முக்கியமான விஷயம் இதுவே. நண்பரின் ஜாபிதாவில் முதலாவதாக நிற்கும் ஹோண்டா எஸ்.2000 காரைப் பாருங்கள். 240 குதிரை சக்தி, அற்புதமான யந்திரம், சந்தேகமில்லை. ஆனால் அதன் என்ஜின் உண்மையில் கண்விழிப்பது நிமிஷத்துக்கு 6,000 சுற்றுக்கு மேல் போனபிறகுதான். அந்த ஆவேசத்தோடு ஓட்டினால் இரண்டாவது கியரிலேயே மணிக்கு அறுபது மைலை எட்டிவிடும். இங்கிலாந்தின் சாதாரணச் சாலைகளில் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகமே அறுபது. ஊருக்குள் முப்பது, பல தெருக்களில் இருபது. குராய்டன் வீதிகளில் காலை எட்டரை மணிக்கு முன்னால் நிற்கும் பஸ்ஸின் புகையை முகர்ந்துகொண்டு ஊர்கிறவனுக்கு 240 குதிரைகளும் லாயத்திலேயே கட்டிக் கிடக்கின்றன; தீனி மட்டும் குறைவதில்லை. அதன் விலையும் இப்போது 5,000 பவுனுக்கு எட்டாது.

1996-இல் வெளிவந்த போர்ஷ் பாக்ஸ்டர் அந்த விலைக்கு எட்டும். எட்டுகிறதே என்பதுதான் பயம். என்ஜின் நடுவில் இருப்பதால் முன்னாலும் பின்னாலுமாக இரண்டு சாமான் பெட்டிகள் உண்டு, சவாரியும் சுகமானது. ஆனால் பழைய பாக்ஸ்டர்களில் என்ஜினுக்குள் ஓர் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங் இருக்கிறது. அது நொறுங்கினால் துண்டுகள் என்ஜினெங்கும் பரவி மொத்த என்ஜினும் போய்விடும். இதைப் பற்றி அமெரிக்காவில் உடைமையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடர்ந்து, 2013-இல் சமரசமாயிற்று. எல்லாக் காரிலும் இது நேர்வதில்லை. பேரிங்கை மாற்றிவிட்ட கார்களும் இருக்கின்றன. இருந்தாலும், பணக்காரர் வாங்கிய காரைப் பத்தாவது கையாக வாங்குகிறவன், விலையைத்தான் பத்தில் ஒரு பங்காகக் கொடுக்கிறான். ரிப்பேர்க் கூலியை அந்தப் பணக்காரரின் கணக்கிலேயே கொடுக்க வேண்டும். டொயோட்டா எம்.ஆர்.2-இன் கடைசி மாதிரி யோக்கியமான காரே. ஆனால் சாமான் வைக்கச் சொல்லும்படியான இடம் அதில் இல்லை. மத்தியான்னச் சாப்பாட்டுப் பாத்திரத்தை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

எம்.எக்ஸ்-5 என்று தீர்மானித்த பிறகும் எந்த வருஷத்துக் கார் என்ற கேள்வி இருக்கிறது. 1989 முதல் 1997 வரையில் வந்த முதல் தலைமுறையில், முன் விளக்குகள் மூடியிருந்து, பொத்தானை அமுக்கினால் தூங்கி எழுந்தது போல் மேலே எழும்பும். பார்க்க மிகவும் அழகு. 1998 முதல் 2005 வரையில் இரண்டாம் தலைமுறை. இவ்விரண்டில் ஒன்றுதான் நண்பரின் ஆசை. இங்கேதான் லண்டன் நகர நிர்வாகம் குறுக்கே வருகிறது. புகை மிகுந்த பழைய வண்டிகள் மீது விதிக்கப்படும் தினசரிக் கட்டணம் 2023 ஆகஸ்டு 29 முதல் லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் விஸ்தரிக்கப்பட்டது. குராய்டனும் அதில் சேர்ந்தது. விஸ்தரித்தபோது கட்டணம் நாளொன்றுக்குப் 12.50 பவுன். பெட்ரோல் கார்களில் பொதுவாக 2005-க்குப் பிறகு பதிவானவை தப்பும். அதற்கு முந்தியவற்றில் பெரும்பாலானவை அகப்பட்டுக்கொள்ளும். காரியாலயம் நகர எல்லைக்கு வெளியே இருந்தாலும், வீடு எல்லைக்குள் இருப்பதால், வாசலை விட்டுக் காரை நகர்த்தினாலே கட்டணம் உண்டு. வாரத்துக்கு ஐந்து நாள், வருஷத்துக்கு நாற்பத்தாறு வாரம் என்று கணக்குப் போட்டால் 2,875 பவுன் ஆகிறது. காரின் விலையை இரண்டே வருஷத்தில் மறுபடியும் கொடுத்ததாகும். அழகான விளக்குகளுக்கு இது அதிக விலை என்பது நமது அபிப்பிராயம். காரின் பதிவு எண்ணைக் கொடுத்தால் கட்டணம் உண்டா இல்லையா என்பதை லண்டன் போக்குவரத்து நிர்வாகத்தார் உடனே சொல்லிவிடுவார்கள். காரைப் போய்ப் பார்ப்பதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும். பார்த்துவிட்டால் மனம் கணக்குப் போடாது.

ஆகவே 2005 முதல் 2015 வரையில் செய்யப்பட்ட மூன்றாம் தலைமுறைதான் இவருக்கு உரியது. ரஸிகர்கள் சிலர் இதைப் பருத்துவிட்டது என்று குறை சொல்வார்கள். பருத்தும் சுமார் 1,100 கிலோதான். 1.8 லிட்டர், 2 லிட்டர் என்று இரண்டு என்ஜின்கள். இரண்டிலும் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி இருக்கிறது. ஆகையால் பழைய மாதிரிகளைப் போல் 60,000 மைலுக்கு ஒருமுறை பெல்ட் மாற்றும் செலவு இல்லை.

இனி அந்த அம்மணியின் மழைக் கேள்விக்கு வருவோம். கடிதத்தில் உள்ள கேள்விகளிலெல்லாம் புத்திசாலித்தனமானது அதுதான். துணிக்கூரை நன்றாயிருந்தால் உள்ளே மழை வராது. கூரையில் விழுகிற தண்ணீர் எங்கே போகிறது என்பதைத்தான் விசாரிக்க வேண்டும். ஆசனங்களுக்குப் பின்னால் இரண்டு பக்கத்திலும் வடிகால் குழாய்கள் இருக்கின்றன. அவற்றின் வழியாகத் தண்ணீர் இறங்கிக் காரின் அடியில் வெளியேற வேண்டும. நாலு இலை சருகு சேர்ந்து குழாய் அடைத்துக்கொண்டால், தண்ணீர் கம்பளத்துக்கு அடியிலும், கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் இரும்புப் பெட்டிக்குள்ளும் தேங்கி நிற்கும். வெளியிலிருந்தோ, குளிர்காலத்தில் பனிக்கட்டி உறையாமலிருக்கச் சாலையில் கொட்டும் உப்பு, சக்கரத்தால் வாரி அடிக்கப்படுகிறது. உள்ளே மழைத் தண்ணீர், வெளியே உப்புத் தண்ணீர். நடுவில் இருக்கிற தகடு எத்தனை வருஷம் தாங்கும்?

எம்.எக்ஸ்-5 காருக்கு யமன் துருதான். என்ஜின் பழுதானால் மாற்றலாம். கியர்ப் பெட்டி போனால் வேறொன்று வைக்கலாம். பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் கதவடித் தகடு அரித்துவிட்டால், வெட்டியெடுத்துப் புதுத் தகடு ஒட்டவைக்கும் கூலி சில சமயம் காரின் விலைக்கே சமானமாகிவிடும். ஆகவே விற்பவர் என்ஜினின் பெருமையைப் பேசிக்கொண்டிருக்கும்போது நண்பர் முழங்காலிட்டுக் காரின் அடியைப் பார்க்க வேண்டும். பின் சக்கர வளைவின் உள்விளிம்பை விரலால் தடவ வேண்டும். வர்ணம் கொப்புளித்திருந்தால், கண்ணுக்குத் தெரிவது கால் பங்கு, தெரியாதது முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அடியில் மட்டும் புத்தம் புதிதாய்க் கறுப்பு மை பூசியிருந்தால் இன்னும் அதிக சந்தேகம் கொள்ள வேண்டும். விற்பவர் அனுமதித்தால் ஒரு குவளைத் தண்ணீரைக் கூரை ஓரத்து வடிகாலில் ஊற்றிப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் தண்ணீர் கீழே சொட்டினால் நல்லது. ஊற்றிய தண்ணீர் காணாமல் போய்விட்டால், காணாமல் போன இடத்தில்தான் துரு இருக்கிறது. ஆசனத்துக்குப் பின்னால் உள்ள கம்பளத்தைக் கையால் அமுக்கிப் பார்ப்பதற்கும் யாதொரு செலவும் இல்லை.

மடக்கக்கூடிய கெட்டிக்கூரை உள்ள காரும் 2006 முதல் கிடைக்கிறது. பன்னிரண்டு விநாடியில் தானே மடிந்துகொள்ளும். கூடுதல் எடை நாற்பது கிலோவுக்கு உட்பட்டது. சாமான் இடமும் குறைவதில்லை. தெருவிலேயே நிறுத்தி வைக்கிறவருக்கு, துணியைக் கத்தியால் கீறித் திருடுகிறவன் பயம் இதில் இல்லை. நண்பருக்குத் துணிதான் பிடித்தமாம். மழைக் கேள்வி கேட்டவர் வீட்டில் இருக்கிறபோது கெட்டிக்கூரையே உசிதமென்று தோன்றுகிறது.

மழையில் கூரையைவிட முக்கியமானவை டயர்கள். கார் லேசானது, பின் சக்கரம் தள்ளுவது, ஈரமான இலையுதிர்காலத்துச் சாலையில் தேய்ந்த டயரோடு வளைவில் அவசரப்பட்டால் பின்பாகம் முன்னால் வந்து விசாரிக்கும். வழுக்கலை அடக்கும் மின்சாரச் சாதனம் சில மாதிரிகளில் உண்டு. இருப்பதாகப் பார்த்து வாங்குவது நலம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். 2314 என்றிருந்தால் 2014-ஆம் வருஷத்து இருபத்துமூன்றாவது வாரத்தில் செய்தது. பள்ளம் நிறைய இருந்தாலும் பத்து வருஷத்து ரப்பர் கெட்டியாகிப் போயிருக்கும். நான்கு டயரும் ஒரே கம்பெனியின் நல்ல டயராயிருந்தால், சொந்தக்காரர் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் பணம் செலவழிக்கிற மனிதர் என்று ஊகிக்கலாம். நாலு டயரும் நாலு தேசத்து மலிவுச் சரக்காயிருந்தால் என்ஜின் எண்ணெயும் அந்தக் கதிதான்.

சொந்தக்காரரின் ஜாதகத்தைப் பார்க்க இங்கிலாந்தில் ஒரு சௌகரியம் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட காரெல்லாம் வருஷந்தோறும் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். அந்தப் பரிசோதனைகளின் முடிவையும், அன்றைக்கு ஓடியிருந்த மைல் கணக்கையும், பரிசோதகரின் எச்சரிக்கைக் குறிப்புகளையும் அரசாங்கத்தின் இணையப் பக்கத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். ஒரு நாவலைப் போல் அதை முதலிலிருந்து படிக்க வேண்டும். இந்த வருஷம் “பின் பக்கத்துத் தகட்டில் துரு” என்று எழுதியிருக்கும். அடுத்த வருஷமும் அதுவே. அதற்கடுத்த வருஷம் ஒன்றும் இராது. துரு தானாகக் குணமாகிற வியாதி அன்று. அதைச் சரிசெய்த ரசீது எங்கே என்று கேட்க வேண்டும். ரசீது இருந்தால் அந்தக் கார் மற்றவற்றைவிட நல்ல கார். இல்லையென்றால் நமஸ்காரம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். வருஷத்துக்கு ஐந்நூறு மைல் மட்டும் ஓடி, பாக்கி நாளெல்லாம் ஈரக் கொட்டகையில் படுத்துக் கிடந்த காரைவிட, 80,000 மைல் ஓடி, ரசீதுகள் ஒரு கட்டு உள்ள காரை நாம் விரும்புவோம்.

பார்க்கப் போகும்போது, என்ஜினை முன்னதாகச் சூடாக்க வேண்டாமென்று விற்பவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. போனவுடன் முன்மூடியில் கையை வைத்துப் பார்த்தால் அவர் கேட்டாரா இல்லையா என்று தெரிந்துவிடும். குளிர்ந்த என்ஜின்தான் உண்மை பேசும். எண்ணெய் அளவுக் கம்பியை எடுத்துப் பார்ப்பதும் அவசியம்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் ஒரு சிறு குறிப்பு. உல்லாசச் சவாரிக்கென்று எடுத்த பாலிஸி காரியாலயப் பிரயாணத்துக்குச் செல்லாது. தினசரி உத்தியோகத்துக்குப் போவதை முன்கூட்டியே தெரிவித்து அதற்குரிய வகையில் எடுக்க வேண்டும். பழைய சொந்தக்காரர் சைலன்சரையோ ஸ்பிரிங்கையோ மாற்றியிருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். கூடியவரையில், தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்கிற காராகப் பார்ப்பது உத்தமம்.

இரண்டு ஆசனம் போதுமா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. நண்பர் இதைக் கேட்கவே இல்லை. கேட்காததால்தான் நாம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊரிலிருந்து தாயாரோ மாமியாரோ வந்தால், விமான நிலையத்திலிருந்து அழைத்துவர அன்றைக்கு வாடகைக் கார் பிடித்துக்கொள்ளலாம். வருஷத்தில் நாலு நாளைக்காக முந்நூற்று அறுபது நாளும் காலி ஆசனங்களைச் சுமந்துகொண்டு திரிய வேண்டியதில்லை. ஆனால் அந்த வீட்டில் இன்னும் ஓரிரு வருஷத்துக்குள் தொட்டில் போடும் உத்தேசமிருந்தால், இந்த யோசனையை அடியோடு நிறுத்திவிட வேண்டும். பின்னோக்கிய குழந்தை ஆசனத்தை, காற்றுப்பை வேலை செய்யும் முன் ஆசனத்தில் வைப்பதைச் சட்டமே தடுக்கிறது. காற்றுப்பையை நிறுத்த வசதி இருந்தாலும், குழந்தையும் தகப்பனாரும் காரில் போக, தாயார் பஸ்ஸில் வரவேண்டியிருக்கும். இதை நண்பர் நமக்குப் பதில் எழுதித் தெரிவிக்க வேண்டியதில்லை. தம்முடைய சகதர்மிணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

அந்தத் தடை இல்லையென்றால் தாராளமாக வாங்கட்டும். ஐயாயிரம் பவுனையும் காருக்கே கொடுத்துவிட வேண்டாம். நாலாயிரத்துக்குள் காரை முடித்துக்கொண்டு மீதியைத் தனியே வைக்கட்டும். முதல் மாதத்தில் நாலு டயர், பிரேக் எண்ணெய், கியர்ப் பெட்டி எண்ணெய், ஒரு பாட்டரி. முதல் குளிர்காலம் வருவதற்குள் அடித் தகடுகளுக்குள் துருத் தடுப்பு மெழுகு. இதற்கெல்லாம் அந்த ஆயிரம் பவுன் சரியாக இருக்கும். மெழுகு அடிக்கும் கூலியை மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.